பிச்சம்மாவின் நாலு நிரை

பிப்ரவரி 6

மூன்றாவது போர்வெல்லும் பொய்த்துவிட்டது. எண்ணூறு அடி தாண்டியும் குழாயிலிருந்து வெள்ளைப் புழுதிதான் வந்தது. காற்று தோட்டத்துப் பக்கம் அடித்ததால் மல்லிச் செடிகளெல்லாம் மாவில் புரட்டி எடுத்த மாதிரி நின்றன. நாங்கள் பன்னிரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பறிக்க இருந்தது கொஞ்சம் பூ. அதை விடிவதற்குள் முடித்துவிட்டோம்.

ரிக் லாரி கிளம்பிப் போனபிறகு முதலாளி சௌந்திரபாண்டி அந்தக் குழியருகே தனியாக நின்றார். ஒச்சாயி என் காதருகே வந்து, "மதினி, அந்த ஓட்டைக்குள்ள மொதலாளி மக கல்யாணமே போயிருச்சு" என்றாள். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இந்த டைரி உரக்கடையில் கொடுத்தது. யார் எவ்வளவு பூ பறித்தார்கள் என்று எழுத வைத்திருந்தேன். எழுதும் அளவுக்கு எடை இல்லாததால் மற்றதை எழுதுகிறேன்.

பிப்ரவரி 9

முதலாளி எல்லோரையும் மோட்டார் அறைப் பக்கம் கூப்பிட்டார். வளைக்காமல் பேசினார்.

"செடி உசுரோட இருந்துச்சுன்னா மழை வர்ற வரைக்கும் வச்சுருக்கேன். பட்டுப்போச்சுன்னா பிடுங்கிட்டு கோழிப் பண்ணைக்காரனுக்கு விட்டுருவேன். மாசாமாசம் வாடகை தர்றேங்கிறான்."

"கோழிக்குத் தண்ணி வேணாமாக்கும்?" என்று ஒச்சாயி கேட்டாள்.

"அவன் லாரியில கொண்டாந்துக்குவான்."

"கோழிக்கு வர்ற லாரி மல்லிக்கு வராதா மொதலாளி?"

"கோழி முட்டை போடும் ஒச்சாயி. மல்லி இப்பக் கடன்தான் போடுது."

கோழிப் பண்ணைக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி போதும். ஷெட்டிலேயே தங்கிக்கொள்வார்கள். நாங்கள் பன்னிரண்டு பேர். நூற்பாலைக்காரர்கள் முப்பத்தைந்து வயதுக்கு மேல் எடுப்பதில்லை. எங்களில் அந்த வயதுக்குக் கீழே வினோதா ஒருத்திதான். எனக்கு நாற்பத்தாறு.

பிப்ரவரி 13

பாத்திரம் கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர் எல்லாவற்றையும் வாளியில் பிடித்துக்கொண்டு போய் ஊற்றுகிறோம். வீட்டுக்கு ஒரு வாளி தேறினால் பெரிது. குழாயில் தண்ணீர் வருவதே நாலு நாளைக்கு ஒருமுறை. ஒரு வாளி பத்துச் செடிக்குத்தான் காணும். எங்கள் ஒவ்வொருத்திக்கும் நாலு நிரை. நிரைக்கு நாற்பது செடி.

யாருக்கு எந்த நிரை என்பது தோட்டம் வைத்த வருஷமே முடிவாகிவிட்டது. ஒருத்தி நிரையில் இன்னொருத்தி கை வைக்க மாட்டாள். வராத நாளில்கூட அவளைக் கேட்டுவிட்டுத்தான் பறிப்போம். முதலாளிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அவருக்குத் தோட்டம் ஒன்று. எங்களுக்கு நாற்பத்தெட்டு நிரை.

பிப்ரவரி 20

இன்று ஒரு யோசனை வந்தது.

குடிதண்ணீரைச் சுத்தம் செய்கிற பஞ்சாயத்து ஆர்.ஓ. அறைக்குக் கேன் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். தோட்டத்துக்கும் அதற்கும் நடுவே ரோடுதான். அறைக்குப் பின்னால் ஒரு குழாய் கட்டைவிரல் கனத்துக்குக் கொட்டிக்கொண்டே சாக்கடைக்குப் போகிறது. மெஷினைப் பார்த்துக்கொள்ளும் மொக்கராசுவிடம் அது என்ன என்று கேட்டேன்.

"ரெண்டு பங்கு உள்ள போனா ஒரு பங்குதான் கேனுக்கு வரும். மிச்சம் வேஸ்ட்டு யக்கா."

"வேஸ்ட்டுன்னா?"

"குடிக்க ஆகாது."

வரிசையில் நின்ற ஒச்சாயி, "கேன் தண்ணியில சத்தே இல்லைங்கிறாக. அதைக் குடிச்சுத்தான் மூட்டெல்லாம் வலிக்குதாம்" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் பட்டது. "கேனுக்கு வர்றதுல சத்து இல்லைன்னா, சத்தெல்லாம் பின்னாடி போற தண்ணியிலதானப்பா இருக்கணும்?"

மொக்கராசு சிரித்தான். "அப்படித்தான் வச்சுக்கங்களேன். சாக்கடைக்குப் போறதை யாரு புடிச்சா எனக்கென்ன?"

உரமும் தண்ணீரும் ஒன்றாகக் கொட்டுகிறது, இத்தனை நாள் பார்க்காமல் இருந்தோமே என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம்.

பிப்ரவரி 22

சாயங்காலம் ஆளுக்கு நாலு குடம். ஒரு நாளைக்கு ஒரு நிரை என்று வைத்துக்கொண்டோம். நாலு நாளில் சுற்று முடிந்துவிடும். தூரில் ஊற்றியதும் மண் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வினோதா, "அத்தை, செடி மடக்கு மடக்குன்னு குடிக்குது" என்றாள்.

இடுப்பு விட்டுப்போயிற்று.

மார்ச் 3

பிச்சம்மா விவகாரம் இன்று முடிந்தது.

அவள் நிரை நாலும் மேற்கு ஓரம். போன ஐப்பசியில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். குடம் தூக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எனவே அவள் தண்ணீர் எடுக்க வருவதில்லை. காலையில் பூப் பறிக்க மட்டும் வருகிறாள். அவள் நிரையில் பூவும் இல்லை, இலையும் பாதி கொட்டிவிட்டது. மற்றவர்களுக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று ஒச்சாயி வெளிப்படையாகவே கேட்டாள்.

"நாங்க இடுப்பொடியத் தூக்குறோம். பங்குனியில பூத்துச்சுன்னா இவளும் மடியக் கட்டிக்கிட்டு வந்து நிப்பாளாக்கும்."

"என் இடுப்புல ஒடிய ஒன்னுமில்லடி. எல்லாத்தையும் எடுத்து வெளிய போட்டாச்சு. வேணும்னா தொட்டுப் பாரு" என்றாள் பிச்சம்மா. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்து என் முகத்தைப் பார்த்தார்கள். ஆள் சேர்ப்பதும் எடை போடுவதும் நான் என்பதால் இதையும் நான்தான் சொல்ல வேண்டும்.

"தண்ணி ஊத்துறவளுக்குத்தான் நிரை அக்கா. வேற வழி இல்ல" என்றேன்.

"நீயா சொல்ற?"

"எல்லாருமாத்தான் சொல்றோம்."

"எல்லாரும் வாயத் தொறக்கலையே பஞ்சவர்ணம். உன் வாய்தான அசையுது."

மடித்துணியை அவிழ்த்து உதறி, தோளில் போட்டுக்கொண்டு போனாள். அவள் நிரை நாலையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இருக்கிற நிரைக்கே தண்ணீர் காணாது.

இது பொது முடிவுதான்.

மார்ச் 8

பிச்சம்மா கருப்பையாவின் ஆடுகளை மேய்க்கப் போகிறாளாம். குடம் தூக்குவதைவிட லேசான வேலை. நல்லதுதான்.

மார்ச் 14

துளிர் வந்திருக்கிறது. முதலில் ஒச்சாயி நிரையில் பார்த்தோம், பிறகு என் நிரையில். சுண்டுவிரல் நகம் அளவு மொட்டு. ஏழு கிலோ பறித்தோம். கடைசியாக ஏழு கிலோ பார்த்தது எப்போது என்று நினைவில்லை.

"இந்தச் செடிக்கு ஊத்துனத என் மாமியாளுக்கு ஊத்தியிருந்தா வீட்ட என் பேருக்கு எழுதி வச்சிருக்கும்" என்றாள் ஒச்சாயி.

"உன் மாமியாதான் செத்துப் போச்சே."

"அதான், ஊத்தாமப் போச்சு."

மார்ச் 22

வெயில் கடுமை. இலை ஓரமெல்லாம் தீய்ந்த மாதிரி பழுப்பாக இருக்கிறது. வெயிலில் அப்படித்தான் ஆகும். தூரைச் சுற்றி மண் வெள்ளை பூத்திருக்கிறது. ரிக்கின் புழுதி இன்னும் போகவில்லை போல.

குடத்துக் கழுத்திலும் வெள்ளையாகப் படிகிறது. புளி போட்டுத் தேய்த்தேன்.

மார்ச் 29

கிழக்குத் தோட்டத்துக்காரிகள் ஐந்து பேர் பார்க்க வந்தார்கள். அவர்களுடைய முதலாளியும் பிடுங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாராம். அவர்களுக்குப் பெரியவள் சிவனம்மாள். எதையும் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவாள். என் நிரையில் குனிந்து துளிரைத் தொட்டுப் பார்த்தாள். "என்னத்த ஊத்துனீக?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். சத்து விஷயத்தையும் சொன்னேன்.

"உங்களுக்குள்ள இப்படி ஒரு மூளையா" என்றாள். சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலமே ஐந்து குடம் எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றது. ஒச்சாயி சண்டைக்குப் போனாள். குழாயை மாற்றி மாற்றிப் பிடிப்பது என்று பேசி முடித்தேன்.

ஏப்ரல் 4

வினோதா நூற்பாலை வேனில் ஏறிவிட்டாள். அவள் நிரையை ஒச்சாயியும் நானும் ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டோம். "மழை பெஞ்சா வந்துருவேன் அத்தை, யாருக்கும் குடுத்துறாதீக" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டே போனாள். சரி என்றேன்.

ஏப்ரல் 9

வீட்டுக்காரர் போன் செய்தார். கர்நாடகத்தில் ரிக் வண்டியில் வேலை செய்கிறார். போன தீபாவளிக்கு வந்துவிட்டுப் போனவர். அங்கேயும் ஆயிரம் அடிக்குப் போகிறார்களாம். தோட்டம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். செடி பிழைத்த கதையைச் சொன்னேன். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"எந்தத் தண்ணிங்கிற?" என்றார்.

மறுபடி சொன்னேன்.

"அடியே, அது வெறும் உப்பு. நல்ல தண்ணியப் பிரிச்சு எடுத்துட்டா உப்பு எங்கிட்டுப் போகும்? மிச்சத்துலதான கெடக்கும். வாயில விட்டுப் பாத்தியா?"

"குடிக்க ஆகாதுன்னாங்க, எதுக்குப் பாக்கணும்?"

"ஈரத்துக்கு முதல்ல துளுக்கத்தான் செய்யும், அப்புறம் உப்பு வேரைத் தின்னுரும். ஊத்துறத நிப்பாட்டு."

அவர் நாளெல்லாம் கல்லைப் பார்க்கிறவர். செடியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும். துளிர் விட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஏப்ரல் 10

வாயில் விட்டுப் பார்த்தேன். கரிக்கிறது.

மொக்கராசுவிடம் கேட்டேன். "குடிக்க ஆகாதுன்னு அன்னைக்கே சொன்னேனே யக்கா. செடிக்கு ஆகுமான்னு நீங்க கேக்கவே இல்லையே" என்றான். உண்மைதான். கேட்கவில்லை.

நாளைக் காலையில் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 11

ஒன்பது கிலோ. முதலாளி வந்திருந்தார். "பரவாயில்லையே, தோட்டத்தைக் காப்பாத்திப்புட்டீகளே" என்று எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கித் தந்தார். கோழிப் பண்ணைக்காரனிடம் ஆடி வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறாராம்.

ஒச்சாயி, "எல்லாம் எங்க மதினி மூளை மொதலாளி" என்றாள்.

அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? சொன்னால் அப்போதே பிடுங்கச் சொல்லிவிடுவார். மழை நாலு நாளில் வந்தாலும் வரலாம். மழை பெய்தால் உப்பெல்லாம் கழுவிப் போய்விடும்.

ஏப்ரல் 12

முழங்கால் வலி. நான் தண்ணீர் எடுக்கப் போகவில்லை. மற்றவர்கள் எடுத்தார்கள்.

ஏப்ரல் 13

"தண்ணி ஊத்துறவளுக்குத்தான் நிரைன்னு யாரோ சொன்னாக மதினி. யாருன்னுதான் ஞாபகம் வரல" என்றாள் ஒச்சாயி. விளையாட்டாகத்தான் சொன்னாள். போனேன்.

நாலு குடமும் எடுத்தேன். தூரில் ஊற்றவில்லை, நடைபாதையில் ஊற்றினேன். இருட்டத் தொடங்கியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். கறி எடுக்கவில்லை. பருப்பும் வாழைக்காயும்.

ஏப்ரல் 24

இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது. மொட்டு வைத்தது விரியாமலே காய்ந்து நிற்கிறது. இன்று ஒன்றரைக் கிலோ.

"தண்ணி பத்தல. இன்னும் ரெண்டு நடை போகணும்" என்று எல்லோரும் சொன்னார்கள். ஆளுக்கு ஆறு குடம் ஆக்கினார்கள்.

"ரெண்டு நாளு விட்டுப் பாப்போமே" என்றேன்.

"உனக்கென்ன மதினி, மூட்டு வலி. நாங்க எடுத்து ஊத்துறோம், உன் நிரைக்கும் சேத்து" என்றாள் ஒச்சாயி. ஊற்றவும் செய்தாள். என் நிரையில் இரண்டு குடம். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மே 3

செடியில் இலை இல்லை. குச்சிதான். இன்றோடு தண்ணீர் எடுப்பதை நிறுத்தியாயிற்று. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சாயங்காலம் ஆர்.ஓ. அறைக்கு நாலு பேர்தான் வந்தார்கள். அவர்களும் குடத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து பேசிவிட்டுப் போய்விட்டார்கள்.

முதலாளி, "இந்த வெயிலுக்கு நீங்க என்ன செய்வீக. ஒரு மழை பாப்போம்" என்றார். அவர் எங்களைத் தேற்றுகிறார்.

மே 11

நூறு நாள் வேலை. கண்மாயில் மண் வெட்டினோம். கரையில் பிச்சம்மா ஆடுகளோடு போனாள். என்னைப் பார்த்தாள். நான் மண்வெட்டிக் காம்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

மே 19

மழை. சாயங்காலம் தொடங்கிப் பொழுது அடங்கும்வரை கொட்டியது. எல்லோரும் தெருவில் நின்றோம்.

மே 20

இன்றும் மழை. ஓட்டில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறேன்.

மே 31

மேற்கு ஓரத்து நாலு நிரையும் துளிர்த்திருக்கின்றன.

முதலாளி கூப்பிட்டனுப்பினார். இரண்டு பேருமாகத் தோட்டம் முழுக்க நடந்தோம். ஒவ்வொரு நிரையிலும் ஒரு குச்சியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். எல்லாம் உள்ளே காவி நிறம். ஒச்சாயி நிரை, வினோதா நிரை, என் நிரை. பட்டை ஈரமில்லாமல் உரிந்து வந்தது. மேற்கே போய்ச் சுரண்டினார். பச்சை. தூரிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர். நூற்று அறுபது செடியில் ஐந்தாறு தவிர எல்லாமே உயிரோடு இருக்கின்றன.

அவர் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு வெளிச்சத்தைப் பார்த்தேன். "இது போதும். இதுல பதியன் போட்டு ரெண்டு வருசத்துல தோட்டத்தையே மறுபடி கொண்டாந்துருவேன். கோழியும் வேணாம், கூடும் வேணாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இது உன் நிரைதான? நீதான விடாமத் தண்ணி ஊத்துனவ. பதியன் வேலைக்கு ரெண்டு பேருதான் வேணும். நீ வந்துரு. இன்னொருத்திய நீயே பாத்துக் கூட்டியா" என்றார்.

அவர் அடுத்த செடிக்குப் போய்விட்டார். இரண்டாவது தரம் கேட்கவும் இல்லை. பேசாமல் இருந்திருந்தால் அப்படியே போயிருக்கும்.

வாசல் வரைக்கும் வந்தபிறகு, "மொதலாளி, அது பிச்சம்மா நிரை" என்றேன்.

"அவதான் தண்ணி எடுக்கவே வரலையே?"

"ஆமா."

அவருக்குப் புரியவில்லை. "சரி, அப்ப அவளையும் கூட்டிக்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

ஜூன் 1

பிச்சம்மா வீட்டுக்குப் போனேன். ஆட்டுக்குட்டிக்குப் புட்டியில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"நான் ஒன்னும் பண்ணலையே" என்றாள்.

"உன் நிரைதான அக்கா."

"தண்ணி ஊத்தாதவளுக்கு ஏதுடி நிரை? மாத்திட்டீகளா? எப்பக் கூட்டம் போட்டீக?"

குட்டி பாலை முடித்துவிட்டு வெறும் புட்டியை இழுத்தது. அதன் வாயிலிருந்து புட்டியைப் பிடுங்கிக்கொண்டே கேட்டாள்: "எல்லாம் செத்துச்சு. என்னது மட்டும் எப்படிப் பொழச்சது?"

சொன்னேன். உப்பு என்றேன். வேறு யாரிடமும் இதுவரை சொல்லவில்லை என்றும் சொன்னேன்.

பிச்சம்மா ரொம்ப நேரம் குட்டியின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஒச்சாயி உசுர விட்டுத் தூக்குனாளே" என்றாள். பிறகு, "அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லாம இருந்தா இன்னொரு எடத்துல போய் ஊத்துவா. அவளுக்குக் கை சும்மா இருக்காது."

வேலைக்கு வருவாயா என்று கேட்டேன். "வருவேன். மொதலாளி கூப்புட்டாருன்னு வருவேன்" என்றாள்.

ஜூன் 5

பட்டுப்போன செடிகளைப் பிடுங்கினோம். எல்லோருக்கும் இன்று கூலி உண்டு. கடைசிக் கூலி. வினோதா மட்டும் வரவில்லை. மில்லில் லீவு கிடையாதாம். அவள் நிரையையும் நானே பிடுங்கினேன். தூர் லேசாகக் கையோடு வந்தது. பதினோரு வருஷத்துச் செடி.

பிச்சம்மா மேற்கே தன் நிரையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒச்சாயி அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்துப் பிடுங்கினாள். "மேற்க மட்டும் மழை கூடப் பெஞ்சுருக்குமோ மதினி?"

"இருக்கும்" என்றேன்.

ஜூன் 9

மழைத் தண்ணீர் எல்லாம் மேலேயே காய்ந்துவிட்டது. எந்தப் போரிலும் ஏறவில்லை.

சாயங்காலம் கேன் பிடிக்கப் போனேன். ஆர்.ஓ. அறைக்குப் பின்னால் குடங்கள் வரிசை கட்டி நின்றன. சிவனம்மாளும் கிழக்குத் தோட்டத்துக்காரிகளும். மழைக்குத் துளிர்த்த அவர்கள் செடி மறுபடி இலை கொட்டத் தொடங்கியிருக்கிறதாம். ஒச்சாயியும் அவர்களோடு நின்றாள். குடம் தூக்கினால் மூன்று நிரை தருவதாகச் சிவனம்மாள் சொல்லியிருக்கிறாளாம்.

கேனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். இந்தத் தண்ணீர் உப்பு, எங்கள் செடியை வெயில் கொல்லவில்லை, இதுதான் கொன்றது என்று சொன்னேன். ஒருத்தி சிரித்தாள்.

"உங்க தோட்டத்துல நாலு நிரை துளுத்துருக்காமே. ஊரே பேசுது" என்றாள் சிவனம்மாள். "உங்களுக்குப் பலிச்சா அது சத்து, நாங்க பிடிச்சா உப்பா?"

"அந்த நாலு நிரைக்கும் யாரும் ஊத்தல. அதான் பொழச்சிருக்கு."

"நல்லாருக்கே கதை."

ஒச்சாயி சிரிக்கவில்லை. "எப்பத் தெரியும் உனக்கு?" என்று கேட்டாள். மதினி என்று சொல்லவில்லை.

"போன வாரம்தான்" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். பிறகு குனிந்து குழாய்க்கடியில் குடத்தைத் தள்ளினாள்.

"ஒருத்தியாவது வந்து பாருங்க" என்றேன். கடைசியில் சிவனம்மாள்தான் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "வா, காட்டு" என்று கிளம்பினாள்.

ரோட்டைத் தாண்டிக் கூட்டிப் போனேன். பிடுங்கிய செடிகளைக் குவித்து வைத்திருந்தோம். குவியலிலிருந்து ஒரு தூரை எடுத்து, என் நிரைச் செடிதான், சுரண்டிக் காட்டினேன். வேரில் கிடந்த மண்ணை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தாள், துப்பினாள். பிறகு மேற்கு ஓரத்துக்குப் போனோம். பிச்சம்மா உட்கார்ந்து, ஒரு கிளையை வளைத்து மண்ணில் புதைத்துக்கொண்டிருந்தாள். துளிரெல்லாம் ஒரு சாண் வளர்ந்துவிட்டது.

"யாரு நிரை இது?" என்றாள் சிவனம்மாள்.

"தண்ணி ஊத்தாதவ நிரை" என்றாள் பிச்சம்மா.

சிவனம்மாள் குனிந்து அந்த மண்ணையும் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். இந்தத் தடவை துப்பவில்லை. கையைத் தட்டிவிட்டு, தன் தோட்டம் இருக்கும் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப எங்க செடிக்கு எதத்தான் ஊத்துறது?"

"ஒன்னும் ஊத்தாதீக" என்றேன்.

"ஒன்னும் ஊத்தாம இருக்குறதுக்கு எங்களை அங்க எதுக்கு வச்சிருக்கப் போறாக?"

பிச்சம்மா கிளைமேல் மண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ரோட்டில் ஒச்சாயி இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக இரண்டு குடத்தோடு கிழக்கே போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். காதில் விழும் தூரம்தான்.